உங்களுக்குத் தெரியுமா? – தொப்பைக் கணக்கு

◆ ஆஸ்பத்திரியில் எடையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு நர்ஸ் சீட்டின் ஓரத்தில் ஒரு எண் எழுதுவாரே, பிஎம்ஐ, அதற்கான சூத்திரத்தைத் தந்தவர் டாக்டர் இல்லை. பெல்ஜியத்தின் கணிதரும் வானியலாளருமான அடோல்ஃப் கெத்தலே. 1832-ல் அவர் தேடியது கொழுப்பை அல்ல, ‘சராசரி மனிதன்’ எப்படியிருப்பான் என்பதை. கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மனிதர்கள் ஓர் ஒழுங்குக்குள் அடங்குவதைக் கவனித்தார். 1972-ல்தான் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் அந்தச் சூத்திரத்துக்கு இன்றைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்க வந்த கோல், இன்று தனி ஆளை அளந்துகொண்டிருக்கிறது.

◆ பிஎம்ஐ 25-ஐ எட்டினால் அதிக எடை, 30-ஐ எட்டினால் உடல் பருமன் என்பது உலகக் கணக்கு. நம் கணக்கு வேறு. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் வகுத்த வரம்பின்படி 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன். ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ள ஒருவர் 63 கிலோவைத் தொட்டால் எச்சரிக்கை மணி, 68-ஐத் தொட்டால் பருமன். நம் வீடுகளிலோ அந்த எடையில்தான் “இப்பத்தான் கொஞ்சம் பூசினாப்புல லட்சணமா இருக்கே” என்று பாராட்டு கிடைக்கும்.

◆ ஏன் நமக்கு மட்டும் இந்தக் கெடுபிடி? 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் சட்டை போட்ட படத்தையே ஆதாரமாக வைத்தார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே: 22.3. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இருவரும் ஒல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள். எக்ஸ்ரே முறையில் உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினிடம் 9.1 சதவீதம், யாக்னிக்கிடம் 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். தராசு அதைச் சொல்லவில்லை, கண்ணும் சொல்லவில்லை. “ஆள் ஒல்லியாத்தானே இருக்கார், அவருக்கு எப்படி சுகர் வந்துச்சு?” என்று தெருவில் யாராவது கேட்டால், பதில் இந்தப் படத்தில் இருக்கிறது.

◆ அந்த வித்தியாசம் தொட்டிலிலேயே தொடங்குகிறது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் யாக்னிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். இங்கே சராசரியாக 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடையும் தசையும் நம் குழந்தைக்குக் குறைவு. ஆனால் முதுகில் தோளெலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்தால், கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

◆ தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை பருமனாகலாம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் விழுந்தது. கர்ப்பத்தின் முற்பாதியில் அந்தப் பட்டினியில் சிக்கிய தாய்மாரின் மகன்கள், 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, மற்றவர்களைவிட அதிக அளவில் பருமனாக இருந்தார்கள்.

◆ பிஎம்ஐ மட்டும் போதாது, இடுப்பையும் அள என்கிறார்கள். இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரம்பு. ஆனால் எங்கே அளப்பது? பேன்ட் போடும் இடத்தில் இல்லை. கடைசி விலா எலும்பு விரலில் தட்டுப்படும் இடம் ஒன்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பார்க்க வேண்டும். “பத்து வருஷமா எனக்கு 34 சைஸ்தான்” என்று பெருமைப்படும் ஆண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பேன்ட் அதே அளவுதான். அது தொப்பைக்குக் கீழே இறங்கிப் போயிருக்கும். இந்த விஷயத்தில் அரைஞாண் கயிறு பொய் சொல்லாது.

◆ நாடா இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு சணலை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த சணல் வயிற்றைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர்ந்தால் நல்லது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பே 2022-ல் சொல்லிவிட்டது.

◆ சுமோ மல்யுத்த வீரர்களுக்கு உடம்பு முழுக்கக் கொழுப்பு. ஆனால் தீவிரப் பயிற்சியில் இருக்கும்வரை அவர்களில் பலருக்கு ரத்தச் சர்க்கரை சீராகவே இருக்கிறது. அவர்களின் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியில். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து கிடப்பது குறைவு. பயிற்சியை விட்ட பிறகுதான் ஆபத்து உள்ளே போகிறது. கிள்ளினால் கையில் வரும் கொழுப்பைவிட, கைக்கு எட்டாத கொழுப்பே பொல்லாதது. கெட்டியாக, உருண்டையாக, கிள்ளவே முடியாமல் முன்னே நிற்கிறதே நம் ஊர் ஆண்களின் தொப்பை, அதில் பெரும்பங்கு இந்த ரகம்தான்.

◆ தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019–21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பிஎம்ஐ 25-ஐ எட்டியவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 24, 22.9 தான். நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் நம் மாநிலப் பெண்கள் 30.9 சதவீதத்தில் இருந்தார்கள்.

◆ 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ ஆய்வு சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்டது. ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரம் பேரைப் பார்த்தது. நாட்டில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேருக்குப் பருமன். தொப்பை உள்ளவர்கள் 39.5 சதவீதம். இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பவர்கள்தான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.

◆ பஸ் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் என்ன வித்தியாசம்? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் இந்தக் கேள்வியை 1949-ல் எழுப்பினார். இருவருக்கும் ஒரே டிப்போ, ஒரே ஷிப்ட், ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடி பஸ்ஸில் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குகிறார். 1953-ல் வெளியான முடிவு: மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் முடிச்சுப் போட்ட முதல் பெரிய ஆய்வு இது.

மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடை தைத்த அளவுப் பதிவேடு போக்குவரத்து நிர்வாகத்திடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, கால்சட்டை இடுப்பளவை வரிசையாக எடுத்தார். எல்லா வயதிலும் டிரைவரின் இடுப்பே பெரிது. அப்படியென்றால் நோய்க்குக் காரணம் தொப்பையா, உட்கார்ந்தே இருப்பதா? ஒல்லிக் கண்டக்டரை ஒல்லி டிரைவரோடும், பருத்த கண்டக்டரைப் பருத்த டிரைவரோடும் வைத்துப் பார்த்தார். அப்போதும் படி ஏறியவரே தப்பித்தார். எடை குறையவே இல்லை என்று நடைப்பயிற்சியை நிறுத்த நினைப்பவர்கள் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கலாம். மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

◆ “நான் தண்ணி குடிச்சாலே உடம்பு ஏறுது” என்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1990-ல் கனடாவின் கிளாட் புஷார், 12 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையருக்கு, வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாட்களுக்கு, தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். சாப்பிட்டது எல்லோரும் ஒரே அளவு கூடுதல். ஏறியது? ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. வேறு ஜோடிகளோடு ஒப்பிட்டால், ஒரே ஜோடி இரட்டையர் இருவருக்கும் ஏறியது நெருக்கமாகவே இருந்தது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரைப் பார்த்த 1986 ஆய்வும் இதையே சொன்னது: வளர்ந்தபின் அவர்களின் உடல்வாகு பெற்றவர்களைப் போல இருந்தது, சோறு போட்டு வளர்த்தவர்களைப் போல இல்லை.

◆ அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் ஒரு சுண்டெலி பிறந்தது. சாப்பிடுவதை நிறுத்தவே தெரியாத எலி. அதன் வம்சத்தை வைத்துக்கொண்டு பலரும் 45 ஆண்டு தேட, 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் விடையைக் கண்டார். கொழுப்புத் திசு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, ‘சேமிப்பு போதும்’ என்று அது மூளைக்குச் சேதி சொல்கிறது. பெயர் லெப்டின். 1997-ல் இங்கிலாந்தில், பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றின் இரண்டு குழந்தைகளிடம் இந்த ஹார்மோன் இல்லாதது தெரிந்தது. ஒன்பது வயதுச் சிறுமிக்கு லெப்டின் ஊசி தொடங்கியதும் அடங்காத பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தக் குடும்பத்தை அக்கம்பக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் லெப்டின் ஊசி கேட்க முடியாது. பருமனான பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே சுரக்கிறது. மூளைதான் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

◆ உடம்பின் கொழுப்பு செல்களுக்கு வயது கண்டுபிடிக்க அணுகுண்டு உதவியிருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. 1963 ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. செல் பிறந்த காலத்துக் கார்பன் அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2008-ல் இதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கொழுப்பு செல்களின் எண்ணிக்கை இளமைப் பருவத்தோடு ஏறக்குறைய நிலைபெற்றுவிடுகிறது. ஆண்டுக்குப் பத்தில் ஒன்று செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. எடை வெகுவாகக் குறைந்தாலும் செல் சுருங்குகிறதே தவிர எண்ணிக்கை குறைவதில்லை.

◆ பத்து கிலோ கொழுப்பு குறைந்தால் அது எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள், மலத்தில் என்பார்கள், உருகிச் சூடாகிவிட்டது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் டாக்டர்களையும் ஜிம் மாஸ்டர்களையும் கேட்டபோதும் பெரும்பாலோர் தவறாகத்தான் சொன்னார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: 8.4 கிலோ, கரியமில வாயுவாக மூக்கு வழியே போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. வயிற்றில் வியர்க்க வைக்கும் பெல்ட்டைக் கட்டினால் இறங்குவது தண்ணீரின் எடை மட்டும். ஒரு சொம்பு மோர் குடித்ததும் திரும்பிவிடும்.

◆ இரண்டாம் உலகப் போரின் கடைசியில், மேலே சொன்ன அதே ஆன்சல் கீஸ், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராததால் தாங்களாகவே இதற்கு முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரம், நாளுக்குச் சுமார் 1,600 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு போயிற்று. கூடவே குணமும் மாறியது. தட்டை வழித்து நக்கினார்கள். சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தார்கள். சிடுசிடுத்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்ததும் பலருக்குக் கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டிப் போனது. இன்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ‘1,200 கலோரி டயட் சார்ட்’ இதைவிடக் கடுமையானது.

◆ அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்றொரு எடைக் குறைப்புப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் அளந்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. வியப்பு அதில் இல்லை. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி, அவர்களின் உடற்கட்டுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது, ஆறு வருஷத்துக்குப் பிறகும். இழந்த எடையை மீட்க உடம்பு போடும் வழக்கு லேசில் முடிவதில்லை. வாயைக் கட்டினால் போதும் என்று சொல்பவர்கள் இந்த 500 கலோரியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

◆ அதே ஹால் 2019-ல் இன்னொரு சோதனை செய்தார். 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மருத்துவமனையில் தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் சராசரியாக ஒவ்வொருவரும் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகத் தின்று 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் 0.9 கிலோ இறங்கினார்கள். பாக்கெட் உணவை வேகவேகமாகவும் சாப்பிட்டார்கள்.

◆ மாதச் சாமான் லிஸ்ட்டை எடுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய் சுமார் 27 கிராம். மாதத்துக்கு ஒருவருக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. நான்கு பேர் வீட்டுக்கு மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய், டால்டா எல்லாம் இதில் அடக்கம். கடையில் வாங்கித் தின்ற பஜ்ஜியும் சிப்ஸும்கூட. உங்கள் லிஸ்ட்டில் எத்தனை லிட்டர் என்று நான் கேட்கப் போவதில்லை.

◆ ஒரு ஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி. ஸ்பூன் இரண்டாக நாளுக்கு நாலு டீ என்றால் 160. பால் தனி, தொட்டுக்கொள்ளும் பிஸ்கட் தனி. அரை மணி நடந்து செலவழிப்பதைவிட இது குறைவில்லை.

◆ 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள், சிகாகோவில், 2004-ல். பசியடக்கும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. அவர்கள் நாக்கு கேட்டது காய்கறியை இல்லை, இனிப்பையும் நொறுக்கையும். ஐ.டி. கம்பெனி நைட் ஷிப்ட்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

◆ சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்ற வேலைக்காரப் பையன் வருவான். பருத்த உடம்பு, நின்ற இடத்தில் தூங்கி விழுவான், குறட்டை விடுவான். 1956-ல் டாக்டர்கள், பருமனால் மூச்சு மந்தமாகிப் பகலெல்லாம் தூங்கி வழியும் நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். பெரும் குறட்டை நடுவில் திடீரென்று நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு திரும்பினால் அது ‘அடிச்சுப் போட்ட தூக்கம்’ இல்லை, தூக்கத்தில் மூச்சுத் தடை. ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் அது தொடும். பக்கத்தில் படுப்பவர்தான் முதல் சாட்சி. டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போங்கள்.

◆ “எல்லாம் தைராய்டு” என்பது வழக்கமான சமாதானம். தைராய்டு குறைவு தன்னளவில் ஏற்றுவது பெரும்பாலும் சில கிலோக்களே, அதிலும் உப்பும் நீரும் சேர்ந்தே. சந்தேகப்பட வேண்டிய வேறு ஆட்கள் உண்டு: ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான ஒலான்சபின். தானாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று கேட்கலாம்; பல நேரம் இருக்கிறது.

◆ உடல் பருமனோடு தொடர்புடைய புற்றுநோய்கள் 13 என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் பட்டியலிட்டது. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்று, கருப்பைப் புற்று, பெருங்குடல் புற்று அதில் உண்டு.

◆ 5 கிலோ குறைத்தால் முழங்காலுக்கு ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ சுமை குறைகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்த 2005 ஆய்வின் கணக்கு இது. ஒன்றுக்கு நான்கு வட்டி தரும் வங்கி வேறெங்கும் இல்லை.

◆ ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று பார்த்துவிட்டு “எல்லாருக்கும் இருக்கறதுதானே” என்று மடித்து வைப்பது நம் வழக்கம். எல்லாருக்கும் இருப்பதால் அது சும்மா இருந்துவிடாது. சிலருக்குத் தழும்பாகி, கல்லீரல் சுருக்கம் வரை போகிறது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு ஈரல் தெளிகிறது.

◆ சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை? சொல்லும்படி மாறவே இல்லை. அமெரிக்காவில் இதே மாதிரி ஆய்வில் 58 சதவீதம் பலன், ஆனால் அங்கே எடையும் நன்றாக இறங்கியிருந்தது. லண்டன் கண்டக்டர்கள் கதையும் இதுவும் ஒன்றே.

◆ எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாறு நெடுக விபத்துகள். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிலாளர்கள் வியர்த்து மெலிந்ததைக் கண்டார்கள். காரணம் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் ரசாயனம். 1933-ல் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் அதையே மருந்தாகத் தந்தார்கள். அமெரிக்காவில் லட்சம் பேருக்கு மேல் விழுங்கினார்கள். எடை குறைந்தது உண்மை. உடம்பு உள்ளுக்குள் கொதித்துச் செத்தவர்களும், கண்புரை வந்து பார்வை மங்கியவர்களும் உண்டு. 1938-ல் சட்டம் வந்து தடுத்தது. 1997-ல் ‘ஃபென்-ஃபென்’ இதய வால்வைக் கெடுத்ததால் போயிற்று. 2010-ல் சிபூட்ரமின் மாரடைப்புக் கவலையால் போயிற்று. இந்தியாவும் அடுத்த ஆண்டு தடை போட்டது. மூலிகைப் பவுடர் என்று விற்கும் சிலவற்றில் இன்றும் இதே சிபூட்ரமின் கலந்திருப்பது உலகெங்கும் பிடிபடுகிறது. ‘பக்கவிளைவே இல்லை’ என்ற லேபிள்தான் முதல் அபாய அறிகுறி.

◆ இப்போது பேச்செல்லாம் வாரத்துக்கொரு ஊசியைப் பற்றி. அதன் கதையில் ஒரு பல்லி வருகிறது. அமெரிக்க, மெக்சிகோ பாலைவனங்களில் வாழும் கிலா மான்ஸ்டர் விஷப் பல்லி, வருஷத்துக்குச் சில தடவைதான் சாப்பிடும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் டாக்டர் ஜான் எங், 1992-ல் அதன் விஷத்தில் ஒரு ஹார்மோனைக் கண்டார். சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. நம்முடையது ரத்தத்தில் இரண்டொரு நிமிஷத்தில் அழியும். பல்லியுடையது மணிக்கணக்கில் நிற்கும். 2005-ல் அது சர்க்கரை நோய்க்கு மருந்தானது. பிறகு மனித ஹார்மோனையே திருத்தி, ஒரு வாரம் தாங்கும்படி செய்தது செமாக்ளூடைடு. இது பல்லியிலிருந்து எடுத்ததில்லை.

2021-ல் வெளியான செமாக்ளூடைடு சோதனையில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை இறங்கியது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4. டிர்செபடைடு என்ற இன்னொரு வாராந்திர ஊசி இன்னும் மேலே, 20 சதவீதம் வரை. இந்தியாவுக்கு 2025-ல் இரண்டும் எடைக்காகவும் வந்துவிட்டன: டிர்செபடைடு ‘மவுன்ஜாரோ’ என்று மார்ச்சில், செமாக்ளூடைடு ‘வெகோவி’ என்று ஜூனில். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி. கர்ப்பத்தில் கூடாது; மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று குடும்பத்தில் இருந்தாலும் கூடாது. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் முட்டை, பருப்பு, எடை தூக்கும் பயிற்சி மூன்றும் கூடவே வேண்டும். இன்னொன்று: ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே ஆண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் நோயாளியின் குற்றம் என்பதில்லை. இதில் மட்டும் ஏன் சொல்கிறோம்?

கல்யாணத்துக்கு நாலு கிலோ குறைக்க, தெரிந்தவர் மூலம் ஊசி வாங்குவது தனி வியாதி. அதற்கு மருந்தில்லை.

◆ ஆர்லிஸ்டாட் என்றொரு பழைய மாத்திரை, தின்ற கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். தடுத்தது எப்படி வெளியேறும் என்பதைப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டவர் மறக்க மாட்டார்.

◆ இரைப்பை அறுவையும் தற்செயலாகப் பிறந்ததே. புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதி வெட்டி நீக்கப்பட்ட பெண்கள் பிறகு எடை ஏறாமலே இருப்பதை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966-ல் முதல் பைபாஸ் செய்தார். இப்போது பரவலான ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்குகிறார்கள். இடம் குறைவதோடு, பசி ஹார்மோன் கிரெலின் பெரிதும் சுரக்கும் பகுதியும் போய்விடுவதால் பசியே மாறிவிடுகிறது. ஆயுசுக்கும் பி12, இரும்பு, கால்சியம் எடுக்க வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே விளக்காத இடத்தில் செய்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

◆ அறுவையும் ஊசியும் இல்லாமல் சர்க்கரை நோய் பின்வாங்குமா? ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் 825–853 கலோரி திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் சீராக இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். நோய் தொடங்கி ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். வீட்டில் தனியாக முயல வேண்டாம். மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

◆ குண்டாக ஒருவர் திரையில் வந்தாலே தட்டு நிறைய இட்லியும் பின்னணியில் தவில் சத்தமும் நம் சினிமாவில் கட்டாயம். கேலி செய்தால் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் ஆறாயிரம் பேரை நான்கு ஆண்டு தொடர்ந்த 2013 ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது: எடைக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் பிறகு பருமனாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு.

◆ சரக சம்ஹிதை மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. இரண்டில் மெலிவே மேல் என்றும் சொல்கிறது. காரணம், பருமனுக்கு வைத்தியம் செய்வது கடினம். 2025 ஜனவரியில் லான்செட் வல்லுநர் குழுவும் ஒரு பிரிவினை செய்தது: எடை மட்டும் கூடி உறுப்புகள் நன்றாக இருப்பது ஒன்று, உறுப்புகள் பாதிக்கப்பட்டு நோயாகிவிட்டது இன்னொன்று. முன்னதற்குக் கண்காணிப்பு, பின்னதற்குச் சிகிச்சை.

◆ மொரீஷியஸ் அரசு 1987-ல் மானிய விலை எண்ணெயில் பாமாயிலைக் குறைத்து சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. பருமன் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எண்ணெயை மாற்றுவது வேறு, அளவைக் குறைப்பது வேறு.

◆ கேரளம் 2016-ல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத ‘கொழுப்பு வரி’ போட்டது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. பரோட்டா அப்போதும் பட்டியலில் இல்லை. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் புட்டியில் சர்க்கரை அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம். சிங்கப்பூரில் 2023 கடைசியிலிருந்து, கடையில் கலந்து கொடுக்கும் டீ, காபிக்கும் தர எழுத்து வந்துவிட்டது.

◆ ஜப்பானில் 2008 முதல் 40 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் இடுப்பை வருஷாவருஷம் அளக்கிறார்கள். ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90. தாண்டியவர்களுக்கு, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சேர்ந்திருந்தால், ஆலோசனை வகுப்பு. தனி ஆளுக்கு அபராதம் கிடையாது. இலக்கைத் தவறவிட்டால் காப்பீட்டு அமைப்புதான் கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் ஊர் ஆபீசுக்கு இப்படி ஒரு நாடா வருமானால், நாலு மணி பஜ்ஜிக்கு யார் காசு போடுவது என்று முதலில் யூனியனோடு பேசி முடிக்க வேண்டியிருக்கும்.